திரைவழி ஆலோசனை இலகுவான வேலை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி மனநல ஆலோசனை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பயணம் மிச்சம், காத்திருப்பு இல்லை, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சம் இல்லை என, ஆலோசனை பெறுபவருக்குக் கிடைக்கும் வசதிகளைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. ஆலோசனை வழங்குபவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து ஆலோசனை வழங்குவது 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றோடு பிறந்த வழக்கமன்று. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குச் செவிகொடுப்பதற்காக 1953-இல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொலைபேசியை நம்பியே வளர்ந்தது. 1950களின் இறுதியிலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருவழித் தொலைக்காட்சி மூலம் குழுச் சிகிச்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். விரும்பியவர்கள் மட்டும் செய்துவந்ததை எங்கள் எல்லோர் தலையிலும் ஒரேயடியாக ஏற்றிவைத்ததுதான் பெருந்தொற்று செய்த வேலை.

எங்கள் தொழிலில் பேச்சைவிட மௌனத்தைக் கையாள்வதே கடினம். நேரில் ஒருவர் பேச்சை நிறுத்தினால், அவர் சொல்லைத் தேடுகிறாரா, அழுகையை அடக்குகிறாரா என்பதை மூச்சும் தோளும் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் தெரிவதோ கழுத்துக்கு மேல் மட்டும். தாயின் மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) திடீரென அசைவற்றுப் போனார். இணைப்புதான் அறுந்துவிட்டதென்று எண்ணி, "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். இணைப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் சொல்ல வந்ததைத் திரும்பச் சொல்ல மூன்று வாரங்கள் ஆயின.

கண்ணைப் பார்த்துப் பேசுவதும் இங்கே நடவாது. திரையிலுள்ள முகத்தை நான் பார்த்தால் அவருக்கு நான் குனிந்திருப்பதாகத் தோன்றும். கேமராவைப் பார்த்தால் அவர் முகம் எனக்குத் தெரியாது. நிறுத்தி வைத்த காருக்குள்ளிருந்தும், குழாயைத் திறந்துவிட்ட குளியலறையிலிருந்தும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்கென ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும், இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரமென்றால் யாரை அழைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். தற்கொலை எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தும் நேரத்தில் இணைப்பு அறுந்தால், என் கையில் மிஞ்சுவது அந்தக் குறிப்பு மட்டுமே.

இதையெல்லாம் மீறி இம்முறை பலன் தருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு போன்ற சிக்கல்களில் காணொளிச் சிகிச்சை நேரடிச் சிகிச்சைக்குப் பெரிதும் குறைந்ததன்று என்றே ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. முகம் தெரியாத தொலைபேசியில்தான் வாய் திறக்கிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

என் வருத்தமெல்லாம், "உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுவதுதானே" என்று கணக்கிட்டு, அமர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டி இடைவெளியைக் குறைக்கும் நிறுவனங்களைப் பற்றியது. முன்பு ஒருவர் எழுந்து வெளியேறி அடுத்தவர் வந்து அமர்வதற்குள் கிடைத்த பத்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கையை இறக்கி வைத்துவிட்டு மற்றொன்றைக் கேட்கத் தயாராவேன். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த முகம் வந்துவிடுகிறது. திரைவழி அமர்வுகளுக்கு இடையே கட்டாய இடைவெளி வேண்டும் என்பதையும், அந்த நேரம் பணிநேரமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பதையும் தங்கள் இதழ் எடுத்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆலோசகர் ஒருவர்