கடன் கொப்பி தந்த முதலாளிக்கு

நேற்றுப் பின்னேரம், வீட்டை விட்டு வந்து தங்கியிருந்தவர்களில் கடைசிக் குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்தை விட்டுப் புறப்பட்டது. கரும்பலகையில் இருந்த சாப்பாட்டுக் கணக்கை அழித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுப்படியை விட்டு நகராத அக்காமார், கம்பளி அனுப்பிய பண்டாரவளைக் கடைக்காரர்கள், ராத்திரி முழுக்கக் கண்விழித்த தோட்டத்துப் பொடியன்மார், கலர் பென்சிலோடு நடந்தே வந்த ஆசிரியர்கள், பவர் பேங்க் தந்த ஆட்டோத் தம்பி, எல்லாருக்கும் கைகூப்புகிறேன். பெயர் போட்டால் கோபிப்பீர்கள்.

எங்கள் சில்லறைக் கடை முதலாளிக்கு மட்டும் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும்.

மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு ஒரு வித்தை காட்டினேன். கீழ்த்தாளில் கண் திறந்த பூனை, மேல்தாளில் கண் மூடிய பூனை. மேல்தாளைப் பென்சிலில் சுற்றி வேகமாக உருட்டினால் பூனை கண் சிமிட்டும். அரைமணி நேரம்தான். "மிஸ், பூனை நடக்காதா?"

நடக்கும், சின்னக் கொப்பி இருந்தால். பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றி வரைந்து, கட்டை விரலால் வேகமாக விசிறினால் போதும். நிவாரணமாக வந்ததெல்லாம் பெரிய பாடக் கொப்பி. கட்டை விரலால் விசிற வராது.

பாண் இறக்க வந்த முதலாளி இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பேசாமல் போனவர், ஒரு பை நிறைய உள்ளங்கை அளவுக் கொப்பிகளோடு திரும்பி வந்தார். "தைக்குக் கடன் எழுத வாங்கினது மிஸ். இப்ப எழுத மனசு வரல. புள்ளைகளுக்குக் குடுங்க."

அதன் அருமை அவருக்கே தெரியாது. கோடு போட்ட தாள். மூன்றாவது கோடுதான் தரை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வரைந்த சேவலின் கால் ஒரு பக்கத்திலும் அந்தரத்தில் தொங்கவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து வரைந்து வந்தால் அடியில் இருக்கும் படம் மெல்லத் தெரியும், அதிலிருந்து ஒரு நூல் தள்ளி வரைந்தால் போதும். இந்த விசிறிக் கொப்பிக்கு இங்கிலாந்தில் லின்னெட் என்பவர் காப்புரிமை வாங்கியது 1868இல். இங்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் டெய்லர் துரை தேயிலை நட்டு அப்போது ஒரே வருடம்; மலையெல்லாம் இன்னும் கோப்பித் தோட்டம். கோப்பிக் காலத்துக் கொப்பி என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கொப்பியில் மட்டும் முதல் பக்கத்தில் கணக்கு இருந்தது. சீனி, மண்ணெண்ணெய், பாண் இரண்டு றாத்தல். அது கைக்கு வந்த சின்னவள் கிழிக்கவில்லை. 'பாண்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எலி வரைந்தாள். அடுத்தடுத்த பக்கங்களில் எலி பாணைத் தின்று, சீனியை நக்கி, வயிறு பெருத்து மல்லாந்து படுத்தது. முதலாளி நான்கு தரம் விசிறிப் பார்த்தார். "அப்ப இந்தக் கடன் எலி பேர்லதான்" என்றார். மண்டபத்தில் பெரியவர்கள் சிரித்துக் கேட்டது அன்றுதான். அந்தக் கொப்பி இப்போது அவர் கல்லாப்பெட்டியில்.

முதலாளி, சித்திரைக்குள் அதே அளவில் கொப்பி வாங்கித் தருவேன். வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ரயில் ஓடாத நாளில் ஒருவன் தெமோதரை ரயில் பாலம் வரைந்தான். அதன் ஒன்பது வளைவுக்கும் அட்டையில் இடமில்லை, ஏழோடு நிறுத்திவிட்டான். வெட்டிய கடதாசி ரயிலை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஃபோனில் ஒவ்வொன்றாகப் படம் எடுக்கிறோம், ஓட்டிப் பார்க்கும்போது செக்கனுக்கு 12 படம். ரயில் இன்னும் நான்காவது வளைவில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்துக்கு, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு, வருகிறேன். ஆட்டோத் தம்பி, அந்தப் பவர் பேங்க் இன்னொரு தடவை கிடைக்குமா?