பதினாறில் கல்லூரியா, ஒரு வருடம் பொறுப்பதா: விடுதியில் இருக்கும் மகளுக்கு

மண்டபம்,
டிசம்பர்

அன்பு மகள் ஜெனிக்கு,

மார்ச்சில் பிளஸ் டூ முடித்த கையோடு கல்லூரியில் சேர்வதா, ஒரு வருடம் பொறுத்து நீட் எழுதுவதா என்று கேட்டிருந்தாய். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு 17 முடிந்திருக்கும்போது உனக்கு 16 தான். யு.கே.ஜி. இல்லாமல் நேராக ஒன்றாம் வகுப்பில் போட்டதன் கணக்கு இப்போதுதான் முன்னால் வந்து நிற்கிறது. இ-சேவை மையத்தில் வருடா வருடம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முடிவு உன்னுடையது.

முதலில் விதி. எம்.பி.பி.எஸ். சேர, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உனக்கு அதற்கடுத்த ஜனவரி 9-ல்தான் நிறைகிறது. ஒன்பது நாள்தானே என்று யாரிடமும் போய் நிற்க முடியாது, அந்த விதியில் தளர்வு கிடையாது. பி.எஸ்சி. நர்சிங்கிற்கும் இதே டிசம்பர் 31 தான். ஆக, வருகிற ஆண்டு மருத்துவம் உனக்குக் கிடையாது. நீட்டுக்கு மேல் வயது வரம்பு இப்போது இல்லை, எத்தனை தடவை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. அந்தக் கதவு தாமதமாகத் திறக்கிறதே தவிர மூடவில்லை.

சொந்தத்தில் ஒருவர் "பிறந்த தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கலாமே" என்று உன்னிடமும் சொல்லியிருப்பார். காதில் போட்டுக்கொள்ளாதே. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்ட தேதிதான் பாஸ்போர்ட்டிலிருந்து பென்ஷன் வரைக்கும் செல்லும். பிறப்புச் சான்று, ஆதார், மதிப்பெண் சான்று மூன்றிலும் ஒரே தேதி இருப்பது உன் அதிர்ஷ்டம். அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும். அதோடு, அது பொய்.

அடுத்து பொறியியல். நீ உயிரியல்-கணிதப் பிரிவு என்பதால் அது உனக்குத் திறந்தே இருக்கிறது, வயதும் தடை இல்லை. கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200-க்குக் கட் ஆஃப். இரண்டு பேருக்குச் சமமாக வந்தால் முதலில் கணக்கு மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அப்படியும் சமமாக இருந்தால், பட்டியலின் கடைசிப் படிகளில் வயதில் மூத்தவருக்குத்தான் முன்னுரிமை. நீ எல்லாரையும்விட இளையவள், அந்த இடத்தில் தோற்பாய். அது வெகு சிலருக்கே வரும் சிக்கல், அதை வைத்து முடிவெடுக்காதே.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பொறியியல்தான் உன் விருப்பம் என்றால், ஒரு வருடம் பொறுப்பதால் கட் ஆஃப் அரைப் புள்ளிகூட ஏறாது. அடுத்த வருடமும் இதே பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கில் வரும். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதி என்.ஐ.டி. மாதிரி மத்தியக் கல்லூரிகள் பக்கம் போக வேண்டும் என்று இருந்தால் மட்டும் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அது உன் பேச்சில் இதுவரை வந்ததில்லை.

எனக்குப் பிடிக்காத யோசனை நீ கடைசியாக எழுதிய மூன்றாவதுதான்: பி.இ. சேர்ந்துகொண்டே நீட்டுக்குப் படிப்பது. கேட்க நன்றாக இருக்கும். நடப்பது என்ன என்று சொல்கிறேன். வகுப்புக்கு 75 சதவீத வருகை வேண்டும். முதல் பருவத்திலேயே கணக்கு, இயற்பியல், வேதியியல், நிரல் எழுதுதல், ஆய்வகம் எல்லாம் சேர்ந்து வரும். உயிரியல் புத்தகத்தைத் திறக்க இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். நீட்டில் 180 கேள்விகளில் 90 உயிரியல், அதை இரவில் தூக்கக் கலக்கத்தோடு படித்துத் தேறுவது கடினம். நீட் மே மாதத் தொடக்கத்தில் வரும். கல்லூரியில் இரண்டாம் பருவச் செய்முறையும் தேர்வும் நெருங்கும் காலம் அது. நீட்டில் இடம் கிடைக்காமல் கல்லூரியிலும் இரண்டு மூன்று அரியரோடு நிற்பதுதான் பலருக்கும் முடிவு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உனக்கு இடம் கிடைத்து, நடுவில் விட்டுவிட்டு வந்தால், அந்த நாற்காலி அப்படியே காலியாகக் கிடக்கும். அதற்கு வரிசையில் நின்ற இன்னொரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அது இல்லாமல் போகும்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் பணம் திரும்புமா என்று கேட்டாயே. யு.ஜி.சி. 2018-ல் போட்ட பொது விதி இது, சேரும் ஆண்டின் அறிவிப்பையும் பார்த்துக்கொள். சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால், சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகையும் வரும். அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாள் கடந்து 15 நாள் வரை 80, அதற்குப் பின் 30 நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆனாலும் கேட்கிற இடங்கள் உண்டு. கொடுக்க நேர்ந்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கொடுக்காதே. அதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வை.

"ஒரு வருடம் மிச்சம்" என்று சொல்கிறாயே, அதையும் கணக்குப் போட்டுப் பார். ஆகஸ்டில் சேர்ந்தால் உனக்கு 16 வயது 7 மாதம். நான்கு வருடம் முடிகிற மே மாதத்தில் 20 வயது 4 மாதம். கம்பெனி வேலைக்கு அது தடையே இல்லை, அங்கே மிச்சம் மிச்சம்தான். எம்.இ. படிக்க நினைத்தாலும் கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி தேர்வுக்கு 20 போதும். ஆனால் நீ அடிக்கடி சொல்லும் குரூப் 1-க்கும் யு.பி.எஸ்.சி.க்கும் 21 நிறைந்திருக்க வேண்டும், யு.பி.எஸ்.சி.யில் தேர்வு ஆண்டின் ஆகஸ்ட் 1-ஐ வைத்துப் பார்ப்பார்கள். நீ பட்டம் வாங்கும் ஆண்டில் அந்தத் தேதிக்கு உனக்கு 20 தான். அந்த வழியில் போனால் இங்கே மிச்சம் பிடித்த வருடத்தை அங்கே காத்திருந்து செலவழிக்க வேண்டும்.

16 வயதில் கல்லூரிக்குப் போவதில் படிப்பைவிடச் சில்லறைச் சிக்கல்கள்தான் அதிகம். சிம் கார்டு உன் பெயரில் வாங்க முடியாது, அப்பா பெயரில் இருக்கும் எண்ணையே கலந்தாய்வுக்குக் கொடுத்திருப்பாய், ஓ.டி.பி. வரும் நேரத்தில் அவர் கடலில் இருப்பார். அதனால் என் எண்ணைக் கொடு. கியர் வண்டி, 50 சி.சி.க்கு மேற்பட்ட ஸ்கூட்டி எதற்கும் 18 வரை லைசென்ஸ் கிடையாது, தோழியின் வண்டியை ஓட்டி விபத்தானால் காப்பீடு நிற்காது. கல்விக் கடன் எடுத்தால் நானோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும், உனக்கு 18 ஆனதும் வங்கி உன்னைக் கூப்பிட்டு ஒப்புதல் கடிதம் வாங்கும். அவசர அறுவை சிகிச்சை என்றால் சம்மதக் கையெழுத்துக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ வேண்டும். இங்கிருந்து மதுரைக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல், கோவை, சென்னை என்றால் ஒரு இரவு. ஆகவே விடுதிப் படிவத்தில் உள்ளூர் பாதுகாவலர் என்று இருக்கும் இடத்தில் பேருக்கு ஒருவரை எழுதாமல், உண்மையிலேயே அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவரை எழுத வேண்டும். மதுரையில் சின்னத்தை இருக்கிறாள். வேறு ஊரில் யார்? கல்லூரி விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தும்போது இதையும் பார். புல்லங்குடியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியைப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே இளக்காரமாக நினைக்காதே. உனக்குப் பிடித்த பிரிவு அங்கே இருந்தால் அதுவும் பட்டியலில் இருக்கட்டும்.

மருத்துவம்தான் என்று மனசு சொன்னால், அப்போது ஒரு வருடம் முழுதாகப் பொறு. அரைகுறையாகப் பொறுப்பது ஆகாது. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும், மொத்தம் 720. கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியே வரும். நம் பாடநூலும் அதுவும் பல இடங்களில் ஒத்துப்போனாலும் வரிக்கு வரி ஒன்றல்ல. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை உயிரியலை வரி வரியாகவும், இயற்பியல் கணக்கைத் தினமும் கொஞ்சமாகவும் போடு. ஜனவரியிலிருந்து வாரம் ஒரு முழுத் தேர்வு, பிற்பகல் 2 முதல் 5 வரை, உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில். ஒவ்வொரு தவறையும் தெரியாதது, அவசரத்தில் விட்டது, ஊகத்தில் போட்டது என்று மூன்றாகப் பிரித்து எழுதி வை. தெரியாததைப் படித்துச் சரி செய்யலாம். ஊகத்தில் போட்டவைதான் மதிப்பெண்ணைச் சத்தமில்லாமல் தின்னும். பிப்ரவரி வரை மதிப்பெண் நகரவே இல்லை என்றால் பயப்படாதே, மே மாதம் பழைய பிளஸ் டூ மதிப்பெண்ணோடு பொறியியலுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி 7.5 ஒதுக்கீடு, இடைவெளி விட்டு நீட் எழுதுபவர்களுக்கும் உண்டு.

ஆனால் அந்த வருடத்தை நம் வீட்டில் கழிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் தெருவில் வீட்டோடு இருக்கிற பெண் பிள்ளை என்றால் சமையல், தம்பி, தண்ணீர் எல்லாம் அவள் தலையில்தான். இரண்டு மாதத்தில் யாராவது ஒரு மாப்பிள்ளைப் பேச்சோடு வருவார்கள். நான் விரட்டிவிடுவேன், அது வேறு. உன் கவனம் சிதறுவதுதான் பிரச்சினை. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ தங்கிப் படிக்க வேண்டும், அதற்குச் செலவு உண்டு.

பணம் என்று வரும்போது நாள்காட்டியையும் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டு அரிசிக்கே சரி. தேர்வு முடிவு, விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம் எல்லாம் அந்த இரண்டு மாதத்தையும் அதற்கடுத்த சில வாரங்களையும் ஒட்டியே வரும். ஜூன் 15-ல் கடலுக்குப் போனாலும் கடலில் தங்கிப் பிடித்து வரும் முதல் சில தங்கல் பணம் டீசலுக்கும் வலைக்கும் போய்விடும். அதனால் எந்த வழியானாலும் மார்ச்சுக்குள் தனியாக ஒரு தொகை எடுத்து வைக்க அப்பாவிடம் பேசிவிட்டேன். 7.5 ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் படிப்பு, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உன் கணக்குக்கு வரும். பொது வரிசையில் கிடைத்தால் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்று தேவைப்படும். இரண்டுக்கும் தயாராக இருப்போம்.

என் மனசில் இருப்பதைக் கேட்டால், மருத்துவம் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் உனக்குப் பிடிக்கிற பொறியியல் பிரிவு ஒன்று இருக்கிறது என்றால், இந்த வருடமே சேர். 16 என்பது பெரிய விஷயமில்லை, விடுதியில் இரண்டு வருடம் துணி துவைத்து, பணம் கணக்கு வைத்துப் பழகிவிட்டாய். அப்படிப் பிரிவு எதுவும் மனசில் இல்லை, சும்மா இருக்கக் கூடாது என்றுதான் சேர்கிறாய் என்றால், பொறு. இந்த விடுமுறையில் ஒரு பழைய நீட் உயிரியல் தாளையும், அண்ணா பல்கலைக்கழக முதல் பருவப் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். எதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாய் என்று உனக்கே தெரியும்.

வரும்போது செய்ய வேண்டியவை: ஆதார் கைரேகையை 15 வயதுக்குப் பிறகு நீ புதுப்பிக்கவில்லை, 17 முடிவதற்குள் செய்தால் இலவசம். இனிஷியல் ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னால், அதையும் சேர்த்துச் சரி செய்வோம். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் பிப்ரவரியிலேயே போட்டுவிடுகிறேன், தலா 60 ரூபாய்தான். மே மாதம் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று மூன்று மேசையிலும் நூறு பேர் நிற்பார்கள். 7.5 ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 10 வரை மண்டபத்தில் படித்ததற்கான சான்றை இங்கே தலைமையாசிரியரிடம் நான் வாங்குகிறேன். 11, 12-க்கு அங்கே நீ கேள், தேர்வு முடிந்து பள்ளி மூடுவதற்குள். உன் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்க்க, வரும்போது பாஸ்புக்கையும் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா