வாடகை மோட்டார் சைக்கிளும் வெளிநாட்டு விருந்தினரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவர் பலர், சொந்த நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரமே போதுமென்று நம்பி மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்கின்றனர். சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தாலும் இலங்கையில் அதற்கு அங்கீகாரம் பெறவேண்டும் என்பதை வாடகைக்குக் கொடுப்போர் சொல்வதில்லை. சென்ற வாரம் இளைஞர் ஒருவர் எங்கள் சந்தியில் தம் ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கமாகவே திரும்பி, பிள்ளைகளை ஏற்றிவந்த ஓட்டோவுக்கு நேரெதிரே வந்து நின்றார். தலைக்கவசமோ கைபிடியில் தொங்கியது. இங்கே இடப்பக்கமே ஓட்டவேண்டும், குடிமனைப் பகுதியில் வேகம் மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டக்கூடாது, பின்னாலிருப்பவரும் தலைக்கவசம் அணியவேண்டும், பாணமை வீதியில் பொழுதுபட்டபின் யானை குறுக்கிட்டால் ஹோர்ன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்தவேண்டும் என்பவற்றை ஆங்கிலத்தில் அச்சிட்டு, சாவியோடு சேர்த்தே கொடுக்குமாறு பிரதேச சபை பணிக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
பொத்துவில்.