கன்னிமாராவின் கதவைத் திறந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேர், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் பழைய மண்டபத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படம் வரைந்துவிட்டு வந்தார்கள். ஓவிய ஆசிரியனாக இதில் என் பங்கு கொஞ்சம்தான். அதிலும் ஒரு சொதப்பல்: அனுமதிக் கடிதத்தில் புதன்கிழமைக்குப் பதிலாக வியாழக்கிழமைத் தேதியைப் போட்டிருந்தேன். வாசலில் 34 பேரோடு நின்றபோதுதான் தெரிந்தது. கடிதத்தையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்து வந்த நூலக ஊழியருக்குத்தான் முதல் நன்றி.

அந்தச் சாவியின் அருமை எனக்குத் தெரியும். தேர்வாணையத் தேர்வுக்காக மூன்று வருடம் அங்கே படித்தவன் நான். ஆனால் படித்ததெல்லாம் 1973-இல் வந்த புதுக் கட்டடத்தில். பக்கத்திலேயே இப்படி ஒரு மண்டபம் இருப்பதை ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

"எழும்பூரில் இறங்கி நடத்தியே கூட்டிப் போங்க சார்" என்று யோசனை சொன்ன வரலாற்று ஆசிரியைக்கு அடுத்த நன்றி. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து, 1908-இல் திறந்த எழும்பூர் நிலையத்தில் இறங்கினோம். அதை வடிவமைத்ததில் ஹென்றி இர்வினுக்குப் பங்கு உண்டு. பாந்தியன் சாலையில் நாங்கள் பார்க்கப்போன நூலகமும் அவர் வரைந்ததே. நிலையத்துச் செங்கல் வளைவைப் பார்த்த கண்ணோடு போனதால், மண்டபத்து வளைவுகளைப் பிள்ளைகளே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

கட்டடத்தின் கதையை நடந்தபடியே சொன்னவரும் அந்த ஆசிரியைதான். இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்கள் கப்பலேறிச் சென்னை வந்தன. 1860-இல் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு நூலகம் தொடங்கியது. 1890-இல் கவர்னர் கன்னிமாரா பிரபு புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பரில் திறந்தபோது அவர் பதவியை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. "அப்ப கன்னிமார் சாமி பேர் இல்லையா சார்?" என்று ஒருவன் கேட்டான். அயர்லாந்தில் ஒரு வட்டாரத்தின் பெயர்டா என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் அவருடையதுதான் என்றதும் எங்கள் கணக்கு வாத்தியார் சட்டென்று உற்சாகமாகிவிட்டார். துணைக்கு வந்ததற்கு அவருக்கும் நன்றி.

உள்ளே போனதும் பிள்ளைகளுக்குப் பேச்சே வரவில்லை. உயரத்தில் வளைந்து போகும் கூரை, வண்ணக் கண்ணாடிகள், இலைவேலைப்பாடு. எதை வரைவது என்று தெரியாமல் பாதிப் பேர் அண்ணாந்தபடியே இருந்தார்கள். "சார், பேப்பர்ல பச்சையா விழுது, அழிச்சா போகல" என்று ஒரு மாணவி ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து விழுந்த கண்ணாடி வெளிச்சம் அது. விஷயம் புரிந்ததும் அந்தப் பச்சையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் நகர்ந்துவிட்டது, கோடு மட்டும் தாளில் இருக்கிறது. அன்றைக்கு வரைந்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

பெற்றோர் தரப்பில் வந்த தச்சர் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒரு தேக்கு அலமாரியின் மூலையில் கைவைத்து, "ஆணி எங்கன்னு தேடுங்க பார்ப்போம்" என்றார். பிள்ளைகள் தேடித் தேடி ஓய்ந்தார்கள். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் எப்படி இறக்குவார்கள் என்று இரண்டு ஸ்கேலை வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஏழெட்டுப் பேர் கூரையை விட்டுவிட்டு மூலைகளை வரையத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் இது ஒன்று, 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி, என்று விளக்கிய நூலகர் அம்மாவுக்கும் நன்றி. "நீ ஒரு புத்தகம் போட்டாலும் இங்க வந்தாகணும்" என்று அவர் சொன்னதிலிருந்து எங்கள் வகுப்பில் ஒருத்தி நோட்டுக்கு அட்டைப்படம் வரைந்துகொண்டிருக்கிறாள். உள்ளே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்த அம்மாக்களே, ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.

படங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மண்டபத்தில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் கிடந்ததாக நேற்று நூலகத்திலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இந்த முறை தேதியை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

அன்புடன்,
ஓவிய ஆசிரியர்