சம்பளத்தோடு நர்சிங் பட்டம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் மருத்துவமனையில் நர்சிங் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப்புக்கு, அதாவது வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் பட்டம் படிப்பதற்கு, ஆள் எடுக்கிறார்கள் என்றாய். தாராளமாக விண்ணப்பி. ஆனால் சம்பளம் வரும், ஃபீஸ் கிடையாது என்ற இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே.

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 2025-26 கணக்குப்படி வருஷத்துக்கு 9,535 பவுண்டு ஃபீஸ். அதற்குக் கடன் உண்டு, மேலே 5,000 பவுண்டு உதவித்தொகையும் உண்டு. அப்ரெண்டிஸுக்கு அந்தக் கடனும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. ஃபீஸ் மருத்துவமனை கட்டும் அப்ரெண்டிஸ்ஷிப் வரியிலிருந்து போய்விடும். பாதியில் விட்டால் படிப்புச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதே. பயிற்சிக் கட்டணத்தை அப்ரெண்டிஸிடம் கேட்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. படிக்கும் காலத்தில் எந்த பேண்ட் (சம்பளப் படிநிலை) சம்பளம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள். அது இடத்துக்கு இடம் மாறும்.

இனி நேரக் கணக்கு. மூன்று வருஷ மாணவிக்கும் நாலு வருஷ அப்ரெண்டிஸுக்கும் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி கேட்பது ஒன்றுதான்: 4,600 மணி நேரம், பாதி பாடம், பாதி நோயாளிகளோடு. நீ ஹெல்த்கேர் அசிஸ்டென்டாக (நர்ஸ் உதவியாளராக) வேலை பார்க்கும் ஷிப்ட், நோயாளிகளோடு இருக்க வேண்டிய அந்த 2,300 மணி நேரத்தில் சேராது. பிளேஸ்மென்ட் நாளில், அதாவது வார்டில் மாணவியாகப் பயிற்சி எடுக்கும் நாளில், நீ சூப்பர்நியூமரரி, அதாவது வார்டின் ஆள் கணக்கில் உன்னைச் சேர்க்கக் கூடாது. இந்தப் படிப்பில் அதிகம் சறுக்குவது இங்கேதான். வார்டில் ஒருவர் லீவு போட்டதும், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இந்த பே-யில் (வார்டின் ஒரு பகுதி) இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கோ" என்பார்கள். அதுவும் சொந்த வார்டாக இருந்தால் மறுப்பது கஷ்டம். அன்றைக்கு நீ மாணவி இல்லை, அந்த மணி நேரத்தைப் பயிற்சியாக எழுதவும் முடியாது. மாணவிகளின் பயிற்சியைக் கவனிக்கும் பிராக்டிஸ் எஜுகேஷன் டீமுக்கு அன்றே மெயில் போட்டுவிடு. டைம்ஷீட்டில் கையெழுத்தையும் அந்த ஷிப்ட் முடிவதற்குள் வாங்கிவிடு. இரண்டு மாதம் கழித்துத் தேடினால் அந்த நர்ஸ் வேறு வார்டுக்குப் போயிருப்பார். மணி நேரம் குறைந்தால் அதை ஈடு செய்யும்வரை நர்ஸாகப் பதிவாவது தள்ளிப்போகும்.

பிராக்டிஸ் சூப்பர்வைசர் தினமும் உன்னோடு நிற்பவர், அசெஸர் மதிப்பிட்டுக் கையெழுத்திடுபவர். ஒரே பிளேஸ்மென்டில் இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே தொடக்கம், நடு, கடைசி என்ற மூன்று மதிப்பீட்டுச் சந்திப்புக்கும் தேதி குறித்துக்கொள். நடுச் சந்திப்பைக் கடைசி வாரம்வரை இழுத்தால், குறை இருப்பது தெரியும்போது திருத்த நாள் இருக்காது.

உனக்கு நிஜமாகவே கடினமாக இருக்கப்போவது வேறு. கட்டுப்போடுவதும் படுக்கை மாற்றுவதும் உனக்குக் கைவந்தவை. ஆனால் இதுவரை நீ எண்ணைக் குறித்து நர்ஸிடம் சொன்னாய், இனி அந்த எண்ணை வைத்து நீ முடிவெடுக்க வேண்டும். ஒரு நோயாளியை எடுத்துக்கொள்: மூச்சு 22, தனியாக ஆக்சிஜன் கொடுக்காமல் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 93, நாடி 112, மேல் ரத்த அழுத்தம் 104, காய்ச்சல் 38.4 செல்சியஸ், தெளிவாகப் பேசுகிறார். தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஒவ்வொரு அளவுக்கும் புள்ளி போட்டு ஆபத்தைக் கணிக்கும் நியூஸ் 2 முறையில் கூட்டிப் பார்: அதே வரிசையில் 2, 2, 2, 1, 1, ஆக 8. ஏழைத் தொட்டாலே அவசர அழைப்பு. செப்சிஸாக (தொற்றினால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) இருக்குமோ என்று உடனே தோன்ற வேண்டும். இதில் மூச்சைத்தான் நிறையப் பேர் எண்ணாமல் 16, 18 என்று குத்துமதிப்பாக எழுதுகிறார்கள். முழு ஒரு நிமிஷம் எண்ணு. மேலே சொன்னவருக்கு 18 என்று எழுதியிருந்தால் மொத்தம் 6 ஆகிவிடும், அந்த அவசர அழைப்பு போகாது.

மருந்துக் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் பாஸ். ஃபார்முலாவில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை, அலகில்தான் தவறுகிறார்கள். மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பினால் ஆயிரம் மடங்கு பிழை. ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் மணிக்கு 125 மில்லி. பம்ப் இல்லாமல், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. முதலில் குத்துமதிப்பாக ஒரு விடை நினை, பிறகு கணக்குப் போடு. இரண்டும் வெகுதூரம் விலகினால் அலகைத் திரும்பப் பார்.

அடல்ட் நர்சிங் என்றாலும் மனநலம், குழந்தைகள், பிரசவம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என எல்லாப் பக்கமும் அனுப்புவார்கள். இரவு ஷிப்டும் வார இறுதியும் உண்டு. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் கம்யூனிட்டி நர்ஸோடு போகும் வாரங்களுக்கு கார் இருந்தால் சௌகரியம்.

விண்ணப்பத்துக்குக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் லெவல் 2 தகுதி (இங்கே ஜிசிஎஸ்இ என்ற பத்தாம் வகுப்பு அளவிலான தேர்வில் நல்ல பாஸ்) வேண்டும். பிளஸ் டூவை எல்லாப் பல்கலைக்கழகமும் அப்படியே ஏற்பதில்லை. அட்மிஷன் ஆபீசைக் கேள். சந்தேகம் என்றால் இப்போதே அதற்கு ஈடான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் பரீட்சையை இரண்டு பாடத்துக்கும் எழுதிவிடு. மூன்று வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உனக்கு முடிந்துவிட்டது. விசா கடிதத்தை மட்டும் எடுத்து வை. மார்க் ஷீட் ஒரிஜினல் என்னிடம் இருக்கிறது, நாளை ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா