கருப்பட்டி வந்து சேர்ந்தது

பாளையங்கோட்டை,
பங்குனி 8.

அன்புள்ள மகன் பொன்ராஜுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீ பார்சலில் அனுப்பிய கருப்பட்டி சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. ஓலைக் கொட்டானில் பன்னிரண்டு வட்டுகள், ஒன்றுகூட உடையவில்லை. உள்ளே ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று உன் அம்மா கொட்டானைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். நாற்பது நாட்களாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை என்பதை அவள் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள். நான் அப்படியெல்லாம் எண்ணுவதில்லை.

கடையில் வாங்கி அனுப்பியிருப்பான் என்று அவள் சொன்னாள். இருக்கும் என்று நானும் சொல்லிவிட்டேன். அவள் படுத்த பிறகு பன்னிரண்டு வட்டுகளையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அவற்றுள் மூன்றின் முதுகில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு விளிம்பில் தொடங்கி நடுவரை வந்து சற்றே வளைந்து நிற்கிறது. உன் ஆச்சியின் சிரட்டையில் அந்தக் கீறல் எப்படி விழுந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை; அதற்காக அன்று அடி வாங்கியது நீ அல்ல, உன் அக்கா. ஒரே சிரட்டையின் கோடு மூன்று வட்டில் இருக்கிறதென்றால், மூன்று நாளாவது அதில் பாகு ஊற்றப்பட்டிருக்கிறது. ஒரு வட்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஈரம் இன்னும் காயவில்லை. ஆகவே இது புகைப்பரணில் கிடந்த பழைய சரக்கு அன்று, இந்தப் பருவத்துப் பதநீர். காய்ச்சியவன் நீ, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பனை ஏறியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவின் முழங்கால் வலி முன்புபோலத்தான் இருக்கிறது. அக்கா மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். வேறு செய்தி இல்லை.

உன் எக்ஸ்ரே உறை என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. போன ஆனியில் நீ விழுந்தது பதினைந்து அடியிலிருந்துதான். அறுபது அடி மரத்தில் அது கால்வாசி உயரம். வெறும் தேரி மணலில் விழுந்திருந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்திருப்பாய். அடிமரத்தில் சாய்த்து வைத்திருந்த முருக்குத்தடியில் உள்ளங்கால் இடித்துப் பாதம் மேல்நோக்கி மடங்கியதுதான் கேடாகப் போயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில், விமானம் தரையில் மோதும்போது விமானியின் காலடியில் இருந்த சுக்கான் கட்டை இப்படித்தான் பாதத்தை மேலே தள்ளி இதே எலும்பை முறித்தது என்றும், அதனால் இந்த முறிவுக்கு விமானிகளின் பெயரே உண்டு என்றும் மருத்துவர் சொன்னபோது, அந்த வலியிலும் நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலஸ் என்னும் அந்தக் கணுக்கால் எலும்பில் எந்தத் தசையும் வந்து ஒட்டுவதில்லை. பாதிக்கு மேல் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. ரத்தம் உள்ளே நுழைய வழி குறைவு. கழுத்துப் பகுதியில் முறிந்தால் அந்தக் குறுகிய வழியும் அறுபட்டு, எலும்பு உள்ளேயே செத்து நொறுங்கிவிடலாம். இதையெல்லாம் நான் வகுப்பில் குறிப்பெடுப்பதுபோல எழுதிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். இப்போது ஒன்பது மாதம்தான் ஆகிறது.

என் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. தாலஸுக்கும் அதன் கீழுள்ள குதிகால் எலும்புக்கும் இடையில் இருக்கும் மூட்டுதான் உள்ளங்காலை உட்புறமாகத் திருப்புகிறது. தார்ச்சாலையில் நடப்பவனுக்கு அந்த மூட்டு சற்று இறுகிப்போனாலும் பெரிதாகத் தெரியாது. பனையேறிக்கு அப்படியில்லை. இரண்டு உள்ளங்கால்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி திரும்பி மரத்தைக் கவ்வினால்தான் ஏற முடியும். தளைநார் இரு பாதங்களையும் ஒன்றாகப் பிணைத்திருப்பதால், ஒரு கால் முழுதாகத் திரும்பாவிட்டால் தளை சாய்ந்து, நல்ல காலும் சேர்ந்து வழுக்கும். இதை உனக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் தாத்தா விழுந்தபோது இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. மூன்று மாதம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் கிடந்த மனிதர், ஒரு நாள் விடியுமுன் எழுந்து தோல் கவசம் கட்டி, அரிவாள்பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவருடைய வலது பாதம் எப்போதும் சற்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். இடதுகாலின் வலுவிலேயே இருபது ஆண்டுகள் ஏறினார். கடைசியில் இடது முழங்கால்தான் அவரைக் கீழே உட்காரவைத்தது. நான் கல்லூரியில் படித்த மூன்றாண்டுப் பணமும் அந்த ஒற்றைக் காலில் இறங்கி வந்ததுதான்.

ஆகவே சொல்கிறேன். வெறுமனே வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. இயன்முறை மருத்துவர் சொன்ன இரண்டு சோதனைகள் உனக்கு நினைவிருக்கும். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலை வளைத்துச் சுவரைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்க வேண்டும். கார்த்திகையில் இடதுகாலுக்கு 11, வலதுகாலுக்கு 4. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 25 முறை உயர்த்த வேண்டும். வலதுகாலில் நீ ஒன்பதோடு நிறுத்திக்கொண்டாய். அந்த இரு எண்களும் இப்போது எங்கே நிற்கின்றன என்று தெரியவில்லை. ஏறத்தான் வேண்டுமென்றால் இளம்பனையான வடலியில் தொடங்கி, ஒரு வாரம் ஆளுயரத்துக்கு மேல் போகாமல் ஏறி இறங்கிப் பார். ஏறுவதைவிட இறங்குவதுதான் அந்த மூட்டை வாட்டும். கடைசி நான்கடியைக் குதித்து இறங்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. பனி உலருமுன் ஏறாதே. தளைநாரை மாற்று. விழுந்த அன்று அது காய்ந்து முறுகிப்போயிருந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று நீ அம்மாவிடம் சொல்லி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மாலையில் இரண்டாம் முறை பாளை சீவப் போகும்போது பாதம் வீங்கியிருந்தால் திரும்பி வந்துவிடு. ஒரு வேளைப் பாளை காய்ந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தளைநாரை மாற்று.

உனக்குக் கோபம் வரும். இதைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி, நீங்கள் ஒரு வடலிகூட ஏறியதில்லையே என்று பொங்கலன்று கேட்டாய். அது உண்மை. உன் தாத்தா என்னை மரத்தைத் தொடவிடவில்லை, நானும் தொட விரும்பவில்லை. பள்ளிப் பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதச் சொன்ன பையன் நான். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த நீ, சென்னையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, தாத்தாவின் பாளை அரிவாளைச் சாணை பிடித்துத் தரும்படி என்னிடமே கேட்டாய். அன்று நான் பேசியதை இங்கே திரும்ப எழுதவில்லை. 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்று அறிவித்தபோது நீ துள்ளிக் குதித்தாய். விதை முளைத்துப் பாளை விடப் பதினைந்து ஆண்டாகும், ஏறுகிறவன் கால் முறிய ஒரு நொடி போதும் என்று நான் சொன்னேன். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள எனக்குத் தண்ணீர் போதவில்லை.

ஆனாலும் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது, அந்த நாளிதழை மடித்து எடுத்துக்கொண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாலையில் கூடும் இடத்துக்குப் போய், அங்கே ஏறுகிறவர்களில் ஒருவன் என் மகன் என்று யாரும் கேட்காமலே சொன்னேன். அப்பா என்னைப் பற்றி வெளியே பேசவே வெட்கப்படுகிறார் என்று நீ அக்காவிடம் சொன்னாயாம். அவள் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இனிமேல் எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடத்தான் இரண்டு தாள்களைக் கடத்தினேன்.

எட்டாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயை மருத்துவர் வெளிச்சப் பெட்டியில் செருகி, தாலஸின் மேல்வளைவுக்குச் சற்றுக் கீழே, வளைவை ஒட்டியே ஓடும் மெல்லிய கருங்கோடு ஒன்றைப் பேனா முனையால் காட்டினார். ரத்த ஓட்டம் இருப்பதால்தான் அந்த இடத்தில் எலும்பின் அடர்த்தி குறைந்து கோடாகத் தெரிகிறது, இது நல்ல அடையாளம், எலும்பு உயிரோடு இருக்கிறது என்றார். உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய். ஆட்டோக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு நான் வெளியே போனேன். ஆட்டோவைக் காலையிலேயே அனுப்பிவிட்டோம் என்பது உங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. என் முகத்தை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே போனேன். நீ விழுந்த அன்று இரவு, மருத்துவமனை நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, இனி இவன் ஏறமாட்டான் என்று எனக்குள் ஓர் ஆறுதல் வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டு வாரமும் அதோடுதான் நான் உனக்குக் கஞ்சி கொண்டுவந்தேன், உன் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தேன். அந்தக் கருங்கோடு அந்த ஆறுதலை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை, கருவூலத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, உடன்குடிக்குப் பேருந்து ஏறினேன். உன் தோட்டத்துக்காரரைப் பார்த்து, முப்பத்தாறு மரங்களையும் வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. பையன் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறானே என்றார். வரமாட்டான், மருத்துவர் கூடாதென்று சொல்லிவிட்டார் என்று பொய் சொன்னேன். மரம் சும்மா கிடக்கக் கூடாதென்று கொடுத்துவிட்டேன் என அவர் பின்னர் உன்னிடம் சொன்னது நான் சொல்லிக்கொடுத்த சொல். முன்பணத்தை அவர் பைசா குறையாமல் திருப்பித் தந்தபோது, எவ்வளவு நேர்மையான மனிதர் என்று நீ எங்களிடம் வியந்தாய். நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இது உனக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்ததனால்தான் பேசாமல் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். மூன்று பருவம் ஏறிய மரங்களின் முண்டும் முடிச்சும் உன் காலுக்குப் பழக்கம். எந்த மரம் எந்த இடத்தில் சாய்கிறது, எங்கே செதில் உதிர்ந்து வழுவழுத்திருக்கிறது என்பதெல்லாம் இருட்டிலும் உனக்குத் தெரியும். இப்போது நீ யார் யாருடைய மரத்திலோ கூலிக்கு ஏறிக்கொண்டிருக்கிறாய் என்றால், தேறாத காலோடு பழகாத மரங்களில் உன்னை ஏற்றிவிட்டவன் நான். உன்னைத் தரையில் நிறுத்த நினைத்துச் செய்த வேலை இப்படி முடிந்திருக்கிறது. இதை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்வதென்றால் சொல்லிக்கொள்.

நேற்று மறுபடியும் போய்த் தோட்டத்துக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆடி வரை மரம் அந்த ஆளிடம்தான் இருக்கும், அதன்பிறகு உங்கள் மகன் வந்து கேட்கட்டும், நீங்கள் வர வேண்டாம் என்றார். அங்கிருந்து நீ பதநீர் காய்ச்சும் விடிலி அரை மைல்தான். நான் வரவில்லை. சாலையில் நின்று புகையை மட்டும் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

அடுத்த எக்ஸ்ரே வைகாசியில் எடுக்க வேண்டும். பழைய படங்கள் தேவைப்படும். உறையைக் கொரியரில் அனுப்பவா, நானே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வரவா என்பதை நீ சொல். பேச வேண்டியதில்லை. ஓர் அஞ்சலட்டையில் சுவரளவு எத்தனை, குதிகால் எத்தனை என்று இரண்டு எண்களை மட்டும் எழுதிப் போட்டாலும் போதும்.

அன்புடன்,
அப்பா.

பி.கு.: கருப்பட்டி நன்றாக இறுகியிருக்கிறது. ஆனால் நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்பு தட்டுகிறது. கலயத்தில் தடவும்போது கொஞ்சம் குறைத்துக்கொள். தளைநாரை மாற்று.