மல்லிகாவுக்கு, மாட்ரிடிலிருந்து

மல்லிகா,

நாலு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டிக்கொள். பேத்தி நன்றாயிருக்கிறாள், என் முழங்கால் பரவாயில்லை, இங்கே குளிர் விடவில்லை. சுமதி கல்யாணப் படம் ஒன்றுகூட நீ அனுப்பாததை நானும் மறக்கவில்லையடி.

நேற்று மகன் பிராடோ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். ராஜா ராணி படங்களாகப் பார்த்துக் கால் ஓய்ந்தபோது ஒரு படம் என்னை நிறுத்திவிட்டது. வெலாஸ்கெஸ் 1655-60 வாக்கில் வரைந்த 'நூற்கும் பெண்கள்'. முன்னால் ஐந்து பெண்கள். இடப்பக்கம் முக்காடு போட்ட கிழவி ராட்டை சுற்றுகிறாள். வலப்பக்கம் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்றுகிறாள். நடுவில் பூனை, அச்சு அசல் உங்கள் சுப்பிரமணி! அந்த ராட்டையை நீ பார்க்கவேண்டும். ஆரக்கால் ஒன்றைக்கூட அவர் வரையவில்லை. வேகமாகச் சுற்றும்போது ஆரக்காலா தெரியும்? அந்தப் பளபளப்பு மட்டும்தானே? அதைத் தீட்டியிருக்கிறார். நம் தெருவில் வளர்ந்தவர் போல!

ஏதோ தறிக்கூடத்துப் பெண்கள் என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்களாம். பெத்ரோ தே ஆர்சே என்பவருடைய 1664-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் இந்தப் படத்தை 'அரக்னேயின் கதை' என்று எழுதியிருப்பது 1948-ல்தான் தெரியவந்தது. பின்னால் வெளிச்சமான அறையில் தலைக்கவசத்தோடு நிற்பவள் மினர்வா, ரோமானியர்களின் நெசவுத் தேவி. எதிரே அரக்னே, சாயக்காரன் மகள். நெசவில் உன்னை ஜெயிப்பேன் என்று தேவியிடமே சவால் விட்டவள். முன்னால் ராட்டை சுற்றும் கிழவியும் வேஷம் போட்ட மினர்வாதான் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வெளியே நீட்டியிருக்கும் அந்தக் கால் கிழவியின் கால் இல்லை.

தேவர்கள் பெண்களுக்குச் செய்த அக்கிரமங்களையெல்லாம் அரக்னே துணியில் நெய்துவிட்டாள். மினர்வா இழை இழையாகப் பார்த்தாள். ஒரு குற்றமும் இல்லை என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். குற்றம் இல்லாததுதான் தேவிக்குப் பொறுக்கவில்லை. துணியைக் கிழித்து, தறியில் ஊடை நூல் ஓட்டும் நாடாவால் அவள் நெற்றியில் அடித்தாள். அரக்னே தூக்கில் தொங்கப்போனாள், தேவி அவளைச் சிலந்தியாக்கினாள்.

வெலாஸ்கெஸ் அடியையும் வரையவில்லை, சிலந்தியையும் வரையவில்லை. மினர்வாவின் கை ஓங்கியபடி நிற்கிறது. துணி இன்னும் கிழியவில்லை, முழுசாகத் தொங்குகிறது. அதில் காளையாக வந்த தேவராஜன் ஜூபிடர், யூரோப்பா என்ற பெண்ணைக் கடத்திப்போகிறார். அந்தக் காட்சி இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த படம், மல்லிகா. ஓவியர் ரூபன்ஸே மாட்ரிட் வந்திருந்தபோது உட்கார்ந்து படியெடுத்த படம். டிஷியன் மாதிரிப் பெரிய ஓவியனின் வேலையை ஒரு நெசவுக்காரியின் கையில் கொடுத்திருக்கிறார் இந்த மனுஷர். தீர்ப்பு சொல்லியாயிற்று என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அந்த மாம்பழக்கலர்ச் சேலைக்குக் கரை நாடா தள்ள மறுபக்கம் உட்கார்ந்தவள் நான். கரையும் உடலும் சேருகிற அந்தக் கோர்வை எப்படி விழுந்தது என்று என் கண்ணுக்குத் தெரியும். அதை விரித்துப் பார்த்துவிட்டு, கோர்வை சரியில்லை என்று முதலாளி கூலியைப் பிடித்துக்கொண்டு சேலையைத் தூக்கிப் போட்டார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் தறிக்குழியில் இறங்கவும் இல்லை. நாம் இரண்டு பேரும் வாசலில் நின்றிருந்தோம். கோர்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று நானாவது சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வயது, வாய் வரவில்லை. நேற்று அந்தப் படத்தின் முன்னால் அழுதுவிட்டேன். மகன் பயந்துபோனான்.

அந்தச் சேலை உன் டிரங்குப் பெட்டியில்தானே இருக்கிறது? மடிப்பில் ஜரிகை இற்றுப்போவதற்குள் எடு. வெயில் வேண்டாம், நிழலில் போடு. முந்தானையை முழுக்க விரித்து, கரை சேரும் இடம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. கல்யாணப் படம் அப்புறம் வரட்டும்.

உன்
செல்வி